‘எந்தத் தோட்டம்?’ என்று கேளுங்கள்

இந்த ஏப்ரல் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறக்கக்கண்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை போகிற வீதியில் நிலாவெளியைத் தாண்டினால் வருகிற ஊர். களப்பு கடலோடு சேருகிற இடத்தில் 2009 இல் திறந்த நீண்ட பாலம் இருக்கிறது. அதுவரை கடலைக் கண்டிராத என் இளையவன் அந்தப் பாலத்தை விட்டு வரவே மாட்டேன் என்றான்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணி இருக்கும். கடற்கரை ஓரமாக நடந்து போனோம். ஒரு சுற்றுலா விடுதியின் பின்பக்கத்தில் பையன் ஒருவன் பெரிய அண்டா ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் சொல்ல முடியாது. பக்கத்தில் வந்த நாயை "அங்கிட்டுப் போ" என்று விரட்டினான். அந்தப் பக்கத்து ஆட்கள் ‘அங்கால போ’ என்பார்கள். ‘அங்கிட்டு’ நம் லயத்து வாய். கிட்டப் போய், "தம்பி, எந்தத் தோட்டம்?" என்று கேட்டேன். முகம் மலர்ந்து தோட்டத்தின் பெயரைச் சொன்னான், டிவிஷனையும் சொன்னான். "நீங்க டீச்சரா?" என்று கேட்டான். எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.

அதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். பையனின் முகம் உடனே மாறிப் போனது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். ஆனால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து கிடந்ததை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். வந்தவர், "எங்கட சொந்தக்காரப் பொடியன், லீவுக்கு வந்து நிக்கிறான்" என்றார். எத்தனையாம் தரம் படிக்கிறாய் என்று பையனிடம் கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தான்.

அன்று இரவு அக்கா வீட்டில் இதைப் பற்றித்தான் பேச்சு. "நீங்க ரெண்டு நாளில போயிருவீங்க. நாங்க இந்த ஊரில இருக்கோணும்" என்றார் அத்தான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலையில் யோசித்துச் செய்வோம் என்று படுத்தேன். மறுநாள் ஒன்பது மணிக்கு 1929 க்கு அழைத்தேன். பெயர், இடம், அடையாளம் எல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பின்னேரம் அதிகாரிகள் விடுதிக்குப் போனார்கள். பையன் அங்கே இல்லை. ‘சொந்தக்காரப் பொடியன்’ ஊருக்குப் போய்விட்டானாம்.

பத்து வருடத்துக்கு மேலாகத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி என்று எத்தனையோ நாள் மண்டபங்களில் உட்கார்ந்து சான்றிதழ்கள் வாங்கி வைத்திருக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் ஒரு இரவைக் கடத்திவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கொழுந்து மலையில் குளவி கலைந்தால் நாம் என்ன செய்கிறோம்? கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். துரையின் அனுமதிக்காகவோ, கமிட்டி கூடுவதற்காகவோ யாரும் காத்திருப்பதில்லை. குளவிக் கூடு மரத்தில் இருக்கிறது என்பது ஒரு விடயம். அதற்குக் கடிதம் எழுதலாம், நிர்வாகத்தோடு பேசலாம், ஒரு கிழமை பொறுக்கலாம். குளவி கலைந்துவிட்டது என்பது வேறு விடயம். பிள்ளைகள் விடயத்தில் இந்த இரண்டையும் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. கூட்டைக் கண்டு சத்தம் போடுகிறோம், கலைந்த பிறகு நாளைக்குப் பார்ப்போம் என்கிறோம்.

கூடு எது என்று முதலில் சொல்கிறேன். பிள்ளை கிழிந்த சீருடையோடு வருகிறாள். மத்தியானச் சாப்பாடு இல்லாமல் வருகிறான். மழை நாளில் வருவதே இல்லை. தலையில் பேன். அம்மா குவைத்தில், அப்பாயிக்குக் கண் தெரியவில்லை. இவை வறுமையின் அடையாளங்கள். அஸ்வெசும, பாடசாலைச் சாப்பாடு, சப்பாத்து வவுச்சர், சங்கத்தின் உதவி என்று இவற்றுக்கு வழி தேட வேண்டும். ஏழையாக இருப்பதற்காக ஒருவர் மேல் முறைப்பாடு செய்யக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ‘தோட்டத்து ஆட்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது’ என்று டவுனில் பேசுகிற வாய்களுக்கு நானும் பதில் சொல்லிச் சலித்தவள்.

கலைந்த குளவி வேறு. பட்டியால் அடித்த தழும்போடு வந்து, "இன்னைக்கு மட்டும் என்னை வீட்டுக்கு அனுப்பாதீங்க டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த ‘இன்னைக்கு’ என்ற சொல்லைக் காதில் வாங்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அடுப்பில் நெருப்போடு பெரட்டுக்குப் போயிருந்தால் அது இன்றைய ஆபத்து. வெறியில் இருக்கும் தகப்பன் கவ்வாத்துக் கத்தியோடு நிற்பதும், "பிள்ளைகளோட சேர்ந்து மருந்தைக் குடிச்சிருவேன்" என்று ஒரு தாய் சொல்வதும் அப்படித்தான். சும்மா சொல்கிறாள் என்று விடாதீர்கள். அந்தத் தாயைத் தனியே விடாமல் ஒருத்தி பக்கத்தில் உட்காருங்கள், இன்னொருத்தி மருந்துப் போத்தலை எடுத்து அப்புறப்படுத்துங்கள், மற்றவர் உதவிக்கு அழைக்கட்டும். அவளுக்குத் தேவை ஆஸ்பத்திரி, ஏச்சு இல்லை. ஒரு குறிப்பிட்ட வீட்டு வாசலைக் கடந்து போக ஒரு பெண்பிள்ளை திடீரென்று மறுத்தால், சுற்று வழியாகப் பாடசாலைக்கு வரத் தொடங்கினால், அந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டும், அவளை அதட்டக் கூடாது.

இவற்றையெல்லாம் லயத்தில் இருப்பவர்கள் கண்ணால் காணலாம். நம் சமூகத்தில் அதிகமான பிள்ளைகளைப் பறிகொடுத்தது நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வேறொருவர் வீட்டில்.

2009 ஆகஸ்டில் மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன இரண்டு சிறுமிகளின் உடல்கள் ஒரு கால்வாயில் கிடந்தன. நாம் ஊர்வலம் போனோம். 2020 நவம்பரில் டயகமவிலிருந்து ஒரு சிறுமி முன்னாள் அமைச்சர் ஒருவரின் கொழும்பு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். 2021 ஜூலை 3 ஆம் திகதி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், 15 ஆம் திகதி இறந்துபோனாள். வயது 16. அடக்கம் செய்த உடலை அதே மாதக் கடைசியில் மறுபடி தோண்டி எடுத்து இரண்டாவது பிரேத பரிசோதனை செய்தார்கள். நாட்சம்பளம் 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்ததும் அதே 2021 தான். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதைச் சட்டம் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தியதும் அந்த வருடம்தான். ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை கூட்டம் போட்டோம். 16 வயது என்ற சட்டத்தை எத்தனை லயத்தில் போய்ச் சொன்னோம்?

இது மலையகத்தின் கதை மட்டும் இல்லை. நான் நின்ற இறக்கக்கண்டி இருக்கும் அதே திருகோணமலை மாவட்டத்தில்தான், கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூர் இருக்கிறது. ரிசானா நபீக்கின் ஊர். அவள் பிறந்தது 1988 இல். கடவுச்சீட்டில் 1982 என்று போட்டார்கள். 2005 மே மாதம் 17 வயதில் சவூதிக்குப் போனாள். வீட்டு வேலை என்று போனவளின் கையில் நான்கு மாதக் குழந்தையைக் கொடுத்தார்கள். போய் மூன்று கிழமைக்குள் குழந்தை இறந்துபோனது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றாள் அவள், கொன்றாள் என்றது வழக்கு. விசாரித்தபோது அவளுக்கென்று ஒரு வழக்கறிஞர்கூட இல்லை. 2007 இல் மரண தண்டனை விதித்து 2013 ஜனவரி 9 ஆம் திகதி நிறைவேற்றினார்கள். உலகமே கெஞ்சியது. போலிப் பத்திரத்தில் அனுப்பிய முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் இரண்டு வருடச் சிறை கொடுத்தது.

ரிசானாவின் ஆபத்து எந்த நாளில் தொடங்கியது? குழந்தை இறந்த அன்று என்று நான் நினைக்கவில்லை. ஒரு பிள்ளையின் வயதை ஆறு வருடம் கூட்டி எழுதினார்களே, அன்றுதான் தொடங்கியது. அதைப் பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். தரகர் வந்து போவதைக் கண்ட அக்கம்பக்கம், அந்தப் பிள்ளையின் உண்மையான வயதை அறிந்த ஊர். நான் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. நம் தோட்டத்திலும் ‘அந்தப் பிள்ளைக்கு வயசு கூட்டிப் போட்டுத்தான் அனுப்புறாங்க’ என்று தண்ணிப் பீலிக்குக் கிட்ட நின்று பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

லண்டனில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். விக்டோரியா கிளிம்பியே என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை. ஆபிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து, நல்ல படிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் அவளை உறவுக்காரப் பெண் ஒருத்தியோடு அனுப்பினார்கள். அங்கும் கடவுச்சீட்டு வேறொரு பிள்ளையின் பெயரில். 2000 பெப்ரவரியில் அவள் இறந்தபோது உடம்பில் 128 காயங்களை எண்ணினார்கள். அவளை யாரும் பார்க்காமல் இல்லை. வைத்தியர்கள் பார்த்தார்கள், பொலிசாரும் சமூக சேவை அதிகாரிகளும் அறிந்திருந்தார்கள். விசாரணை நடத்திய லெமிங் பிரபு, காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பம் குறைந்தது 12 தடவை வந்தது என்று 2003 இல் அறிக்கை கொடுத்தார். அதில் ஒரு விடயம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. அந்தப் பெண்ணைக் கண்டதும் விக்டோரியா விறைத்து நேராக நிற்பாளாம். அவளுடைய சமூகத்தில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை அது என்று அதிகாரி எடுத்துக்கொண்டார்.

நம்மில் எத்தனை பேர் அந்தத் தவறைச் செய்கிறோம்! வாய் திறக்காத பிள்ளையை ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டுகிறோம். நானும் வகுப்பில் பாராட்டியிருக்கிறேன். விடுதிக்காரரின் முகத்தைப் பார்த்த அந்தப் பையனையும் அப்படித்தான் கூச்சப்படுகிறான் என்று முதலில் நினைத்தேன். அடக்கமான பிள்ளை கேள்விக்கு மெதுவாகப் பதில் சொல்லும். பயந்த பிள்ளை பதில் சொல்வதற்கு முன் இன்னொருவர் முகத்தைப் பார்க்கும்.

வேலைக்குப் போன பிள்ளையோடு தொலைபேசியில் பேசும்போதும் இதைக் கவனியுங்கள். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவிடுகிறார்களா? ‘நல்லா இருக்கேன்’ என்ற ஒரே பதில்தானா? தீபாவளிக்கு அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவில்லையா, அப்புறம் பொங்கல் என்றார்களா? சம்பளம் பிள்ளை கைக்கு வராமல் தரகர் வழியாக வருகிறதா? அட்வான்ஸ் கழியும் வரை கூப்பிட முடியாது என்கிறார்களா? வீட்டு விலாசம் உங்களிடம் இருக்கிறதா, அல்லது தரகரிடம் மட்டுமா? பிள்ளை இருக்கும் வீட்டு விலாசம் பெற்ற தாய்க்குத் தெரியாது என்றால், வேறு எந்த அடையாளமும் தேவையில்லை, அன்றே தேடத் தொடங்க வேண்டும்.

இனிச் சொல்வது சில தலைவர்மாருக்குக் கசக்கும். பிள்ளைகள் விடயத்தைச் சங்கக் காரியாலயத்தில் வைத்துப் பேசித் தீர்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கைகலப்பு, கோழிச் சண்டை, காய்கறித் தோட்ட எல்லை எல்லாவற்றையும் பேசித் தீர்த்துப் பழகிய அதே மேசையில், ஒரு பிள்ளையைக் கெடுத்தவனுக்கும் தொகை பேசியிருக்கிறோம். ‘ரெண்டு குடும்பமும் நம்ம சங்கத்து ஆளுங்க, சந்தா போயிரும்’ என்று என் காதுபடச் சொன்னார்கள். சந்தா போகட்டும். காசு வாங்கிய மறுநாளும் அந்தப் பிள்ளை அதே லயத்தில்தான் இருக்கிறாள், அவனும் நாலு காம்பரா தள்ளி இருக்கிறான். பிள்ளைக்கு எதிரான குற்றத்தைப் பேசித் தீர்க்க எந்தத் தலைவருக்கும் அதிகாரம் இல்லை. கொடுமை நடந்தால் தண்டனைச் சட்டம் இருக்கிறது, பொலிசில் சிறுவர் மகளிர் பிரிவு இருக்கிறது. தலைவர் அந்தக் குடும்பத்தோடு அங்கே போய் நிற்கட்டும். சிங்களம் தெரியாத தாய்க்குப் பக்கத்தில் இருந்து, எழுதிய முறைப்பாட்டைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். அதுதான் தொழிற்சங்க வேலை.

ஆசிரியர் பக்கமும் சுத்தம் இல்லை என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 12/2016 சுற்றறிக்கை பாடசாலையில் அடிப்பதைத் தடை செய்தது. பிரம்பு இன்னும் சில மேசைகளில் இருக்கிறது. அடிக்கிற ஆசிரியரிடம் எந்தப் பிள்ளை வந்து வீட்டில் அடிக்கிறார்கள் என்று சொல்லும்?

1929 க்கு அழைக்க நம் ஆட்கள் பயப்படுவது ஏன் என்றும் எனக்குத் தெரியும். "பிள்ளையப் புடிச்சிக்கிட்டுப் போய் ஹோம்ல போட்டுருவாங்க டீச்சர்." அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். இந்த நாட்டில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். ஆபத்திலிருந்து எடுத்த பிள்ளையை வருடக்கணக்கில் இல்லத்தில் மறந்துவிடுவதும் அநியாயம். ஆனால் சட்டத்தில் வேறு வழியும் இருக்கிறது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி நீதவான் பிள்ளையைத் தகுந்த ஒருவரின் பொறுப்பில் விடலாம். அம்மாயியோ சித்தியோ அந்தத் தகுந்த ஆளாக இருக்கலாம். யார் அதை நீதிமன்றத்தில் சொல்வது? வழக்கு நாளில் தாய் தனியாக நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். சம்பள வழக்குக்கு ஆள் அனுப்புகிற சங்கம், இந்த வழக்குக்கும் ஆள் அனுப்ப வேண்டும். அம்மாயி பக்கத்து டிவிஷனில் இருக்கிறார், காம்பரா இருக்கிறது, பாடசாலை கிட்டத்தில் இருக்கிறது என்று நன்னடத்தை உத்தியோகத்தரிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 24 மணி நேரமும் வேலை செய்கிறது, காசு போகாது, தமிழில் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்லாமலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் பொலிஸ் 119, காயம் என்றால் அம்புலன்ஸ் 1990. நிரூபிக்க வேண்டியது உங்கள் வேலை இல்லை. கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும். பிள்ளையைப் பிடித்து வைத்துத் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். நான்கு பேர் நான்கு தடவை கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

இறக்கக்கண்டிப் பையனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவன் வாயிலிருந்து வந்த அந்தத் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான் கடைசியில் கைகொடுத்தன. பஸ்ஸில் வரும்போதே நம் மாவட்டப் பிரதிநிதிக்குச் சொன்னேன். அவர் அந்தத் தோட்டத் தலைவரைப் பிடித்தார். தலைவர் அன்று பின்னேரமே லயத்துக்குப் போனார். தாய் வெளிநாட்டில். தகப்பன் தரகரிடம் 25,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். ‘மாமா வீட்டுல இருந்து படிக்கப் போயிருக்கான்’ என்று பாடசாலைக்குச் சொல்லியிருந்தார். தலைவர் சத்தம் போடவில்லை. தகப்பனைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுத வைத்தார். விடுதிக்காரர், தரகர் என்று தொலைபேசிகள் பறந்தன. பதினோராம் நாள் இரவு பையனைத் தனியாக ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கையில் காசு இல்லை. கண்டக்டர் இரக்கப்பட்டு இறக்கிவிட்ட இடத்திலிருந்து தோட்டம் வரை நடந்து வந்திருக்கிறான்.

கை எப்படிச் சுட்டது என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லையாம். முறைப்பாடு நடக்கிறது. தரகர் வேறு தோட்டங்களுக்குப் போவதாகக் கேள்வி. அதனால் உங்கள் டிவிஷனுக்கு யாராவது வந்து ‘படிக்க வைக்கிறோம், கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பிள்ளை வேணும்’ என்று கேட்டால் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ அன்றைக்கே கொடுங்கள்.

அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தில் நான் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். ஒவ்வொரு டிவிஷனிலும் தோட்டத்தை விட்டு வேலைக்குப் போயிருக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெயர், இருக்கும் வீட்டு விலாசம், கடைசியாகப் பெற்றோர் குரல் கேட்ட திகதி மூன்றையும் தலைவிமார் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகள் மேல் நடந்த குற்றங்களைச் சங்கத்தில் பேசித் தீர்ப்பதில்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்களும் கூட்டத்துக்கு வரட்டும், பேசுவோம்.